கடைசிப் பக்கத்தில் இருக்கும் பெயர்கள்



2023 ஆம் ஆண்டு மே மாதம் 3 ஆம் தேதி. நோன்புப் பெருநாள் கழிந்து பதினோரு நாட்கள் ஆகியிருந்தன. அன்றிரவு திருச்சி விமான நிலையத்தில், ஷார்ஜா செல்லும் விமானத்திற்கான வரிசையில் நாங்கள் நின்றிருந்தோம். பிள்ளைகள் மூவர். மூத்தவள் பதின்மூன்று வயது, நடுவிலுள்ளவன் ஒன்பது, கடைக்குட்டிக்கு நான்கு. ஷார்ஜாவில் வேலை பார்க்கும் தம்பி விடுமுறை முடிந்து அதே விமானத்தில் திரும்பிக் கொண்டிருந்ததால், மஹ்ரம் துணையும் இருந்தது. அங்கே பிள்ளைகளின் வாப்பா ஒரு மாதத்திற்கென்று தனி அறை வாடகைக்குப் பிடித்து, முன்பணம் கொடுத்து, மூன்று சிறிய மெத்தைகளும் வாங்கிப் போட்டிருந்தார்கள். அந்த மெத்தைகளைப் படம் எடுத்து முதல் நாளே அனுப்பியும் இருந்தார்கள்.

கவுண்டரில் இருந்த இளைஞர் கடவுச்சீட்டுகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். நான்காவதைத் திறந்ததும் நின்றார். விரல்விட்டு எண்ணினார். பக்கத்துக் கவுண்டரில் இருந்தவரிடம் காட்டினார். பிறகு எங்களைப் பார்த்து, "மேடம், பையனோட பாஸ்போர்ட் அக்டோபர் 11-ல முடியுது. ஆறு மாசம் இல்லையே" என்றார்.

விசா இருக்கிறது என்று காட்டினோம். விசா கிடைத்தது மார்ச் மாதக் கடைசியில். அப்போது அந்தக் கடவுச்சீட்டுக்கு ஆறு மாதமும் சில நாட்களும் மீதமிருந்தன. பள்ளித் தேர்வு, பின்பு ரமளான், பின்பு பெருநாள் என்று பயணத்தைத் தள்ளி வைத்தபோது, அந்தச் சில நாட்கள் எங்களுக்குத் தெரியாமலே கரைந்து போயிருந்தன. போய் இறங்கும் நாளில் கடவுச்சீட்டுக்கு ஆறு மாத ஆயுள் இருக்க வேண்டும் என்பது அமீரகம் மட்டுமல்லாமல் நம் மக்கள் செல்லும் பல நாடுகள் வைத்திருக்கும் விதி. அந்த இளைஞர் மீது குற்றம் சொல்வதற்கில்லை. தகுந்த ஆவணம் இல்லாத பயணியை ஏற்றிச் சென்றால், அவரைத் திருப்பிக் கொண்டுவரும் செலவும் அபராதமும் விமான நிறுவனத்தின் தலையில் விழும்.

பெரியவர்களின் கடவுச்சீட்டு பத்தாண்டு செல்லும், பிள்ளைகளுடையது ஐந்தாண்டுதான். பதினெட்டு வயது அதற்கு முன்பே நிறைந்தால் அன்றோடு முடிந்துவிடும். பதினைந்து வயதைக் கடந்தவர்கள் விரும்பினால் பத்தாண்டுக்குக் கேட்டுப் பெறலாம். பிள்ளையின் முகம் ஐந்தாண்டில் மாறிவிடும் என்பதற்காகவே இந்தக் குறுகிய காலம். எங்கள் மகனின் கடவுச்சீட்டில் இருந்த படமே அதற்குச் சாட்சி. 2018 இல் நான்கு வயதில் எடுத்தது. அதில் உப்பிய கன்னங்களோடு இருப்பவனுக்கும், அன்று கவுண்டருக்கு முன்னால் முழங்கை எலும்பு துருத்த நின்றிருந்தவனுக்கும் கண்கள் மட்டும்தான் ஒன்று. ஐந்தாண்டில் ஆறு மாதத்தை விதி எடுத்துக்கொண்டால், கையில் மிஞ்சுவது நாலரை ஆண்டு. இந்தக் கணக்கை நாங்கள் போடவில்லை.

தம்பி ஒரு வழி சொன்னான்: "லாத்தா, நான் பெரியவளையும் சின்னவனையும் கூட்டிட்டுப் போறேன். நீங்க இவனோட இருந்து, பாஸ்போர்ட் எடுத்துட்டு வாங்க." கவுண்டரில் இருந்தவரும் அதுதான் நல்லது என்பதுபோல் தலையசைத்தார். கடைக்குட்டி உம்மாவை விட்டு ஓர் இரவும் தூங்கியதில்லை. மகளோ எதுவும் சொல்லாமல் பெட்டியின் கைப்பிடியையே பார்த்துக் கொண்டிருந்தாள்.

அப்போதுதான் அவன் பேசினான். "உம்மா, நீங்க எல்லாரும் போயிட்டு வாங்க. நான் உம்மும்மாகூட இருந்துக்கிறேன். வாப்பா காத்துக்கிட்டு இருப்பாங்க."

ஒன்பது வயதுப் பிள்ளை அது. தன்னால்தான் எல்லாரும் நிற்கிறார்கள் என்று அவனே முடிவு செய்துவிட்டான். அந்தக் கடவுச்சீட்டுக்கு விண்ணப்பம் எழுதியது நாங்கள். அலமாரியில் பூட்டி வைத்தது நாங்கள். தேதியைப் பார்க்காமல் விட்டதும் நாங்கள். ஆனால் கவுண்டரில் நின்று பழியைச் சுமந்தது அவன். அந்த இரவைப் பற்றி இத்தனை ஆண்டுகள் கழித்தும் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம், போகாமல் போன பயணமோ நட்டமான முன்பணமோ அல்ல. அவன் சொன்ன அந்த மூன்று வாக்கியங்கள்தான்.

தம்பி மட்டும் விமானம் ஏறினான். நாங்கள் நால்வரும் வேனில் ஊர் திரும்பினோம். புதுக்கோட்டையைத் தாண்டியபோது சுபுஹு நேரம் வந்தது. ஒரு பெட்ரோல் பங்கின் ஓரத்தில் உளூ செய்து தொழுதோம். ஷார்ஜாவுக்குப் போன் செய்தபோது பிள்ளைகளின் வாப்பா நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "2018-ல நான்தானே கையெழுத்துப் போட்டேன், எனக்கும் ஞாபகம் இருந்திருக்கணும்" என்று மட்டும் சொன்னார்கள்.

எப்படித் தவறவிட்டோம் என்பதையும் சொல்ல வேண்டும். அந்த ஆண்டு தை, மாசி முழுவதும் நாங்கள் வேறொரு தாளின் பின்னால் ஓடிக்கொண்டிருந்தோம். 2022 நவம்பர் 21 முதல், கடவுச்சீட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருப்பவர்களைச் சுற்றுலா விசாவிலோ வருகை விசாவிலோ அனுமதிப்பதில்லை என்று அமீரகம் அறிவித்திருந்தது. உம்மாவாகிய எங்கள் கடவுச்சீட்டில், பெயருக்கான கட்டத்தில் ஒரு பெயரும், குடும்பப் பெயருக்கான கட்டத்தில் வெறுமையும் இருந்தன. தமிழ் மக்களுக்குக் குடும்பப் பெயர் ஏது? தகப்பனின் முதலெழுத்தை முன்னால் போட்டுக்கொள்வதுதான் நம் வழக்கம். கடவுச்சீட்டோ முதலெழுத்தை ஏற்காது. விரித்து எழுதச் சொல்லும். அக்காலத்தில் விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்தவர், பெண்பிள்ளைக்கு எதற்கு இரண்டாவது பெயர் என்று அந்தக் கட்டத்தை அப்படியே விட்டுவிட்டார்.

விதியில் சில தளர்வுகள் உண்டென்று பேச்சிருந்தாலும், மாற்றிவிடுவதே நலம் என்றார் எங்கள் டிராவல்ஸ்காரர். மதுரை பாஸ்போர்ட் சேவா மையத்துக்கு இருமுறை போனோம். அங்கே வரிசையில் இருந்த பலரும் கணவரின் பெயரைச் சேர்த்துக்கொள்ளச் சொன்னார்கள். பிள்ளைகளின் பெயரோடு பொருந்தும், கேள்வி வராது என்பது அவர்கள் வாதம். நாங்கள் வாப்பாவின் பெயரைத்தான் சேர்த்தோம். ஒருவரை அவருடைய தகப்பனின் பெயரோடு சேர்த்து அழைப்பதையே மார்க்கம் நமக்குக் காட்டியிருக்கிறது. திருமணத்தால் வம்சம் மாறுவதில்லை. இப்படி உம்மாவின் பெயரைச் சீராக்குவதில் இரண்டு மாதம் போனது. புதிய கடவுச்சீட்டு கைக்கு வந்ததும் எல்லாம் முடிந்துவிட்டது என்று நிம்மதியாக இருந்துவிட்டோம். மகனின் பக்கத்தைத் திறந்து பார்க்கவில்லை.

ஊர் திரும்பியதும் அவனுக்கு மறுவிண்ணப்பம் செய்தோம். நம் நாட்டில் கடவுச்சீட்டைப் புதுப்பிப்பது என்று பேச்சுக்குச் சொன்னாலும், உண்மையில் கிடைப்பது புதிய எண் கொண்ட புதியதொரு கடவுச்சீட்டு. பழைய எண்ணில் வாங்கிய விசா அத்தோடு பயனற்றுப் போனது. பிள்ளைக்கான விண்ணப்பத்தில் பெற்றோர் இருவரும் கையெழுத்திடும் உறுதிமொழி ஒன்று உண்டு. இணைப்பு 'டி' என்பார்கள். தகப்பன் வெளிநாட்டில் இருந்தால், அவர் தம் சம்மதத்தைப் பிரமாணமாக எழுதி, அங்குள்ள இந்தியத் தூதரகத்தின் சான்றொப்பம் பெற்று அனுப்ப வேண்டும். பிள்ளைகளின் வாப்பா வேலைக்கு விடுப்புச் சொல்லித் துபைக்குப் போய், சான்று வாங்கி, கூரியரில் அனுப்பினார்கள். அது வந்து சேர்ந்து, மதுரையில் நாள் கிடைத்து, கடவுச்சீட்டு வீட்டுக்கு வந்தபோது ஜூன் பிறந்து பள்ளியும் திறந்துவிட்டது. மறு ஆண்டு பெருநாளுக்கு அவர்களே ஊருக்கு வந்து, எங்களை அழைத்துச் சென்றார்கள், அல்ஹம்துலில்லாஹ். அதற்குள் அந்த மெத்தைகளை யாருக்கோ கொடுத்தாயிற்று.

எங்கள் தெருவில் பாதி வீடுகளின் ஆண்கள் கடல் கடந்து இருக்கிறார்கள். விடுமுறைக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தனியே புறப்படுவது பெண்கள்தாம். நாங்கள் திரும்பி வந்த செய்தி பரவியதும், நிஸ்வான் மதரஸாவில் ஓதிக் கொடுக்கும் எங்களிடம் ஒவ்வொருவராகத் தாள்களைக் கொண்டுவரத் தொடங்கினார்கள். "உஸ்தாத்பி, இதைக் கொஞ்சம் பாருங்க" என்று ஹிஜாபுக்குள்ளிருந்து நெகிழிப் பையை எடுப்பார்கள். தஜ்வீத் பாடம் முடிந்த பின்னர் அரைமணி நேரம் இதற்கென்றே ஒதுக்க வேண்டியதாயிற்று. அப்படிப் பார்த்ததில் நாங்கள் கண்டது, நம் சமுதாயத்தின் பெரும் சிக்கல் தேதியில் இல்லை, பெயரில் இருக்கிறது.

ஒரே பிள்ளைக்கு மூன்று பெயர்கள். பிறப்புச் சான்றிதழில் மருத்துவமனைக்காரர்கள் எழுதிய எழுத்து. பள்ளியில் ஆசிரியர் எழுதிய எழுத்து. ஆதாரில் கணினி மையத்துப் பிள்ளை தட்டிய எழுத்து. முஹம்மது என்ற பெயருக்கு ஆங்கிலத்தில் 'ஓ' போடுவதா 'யூ' போடுவதா, 'எம்' ஒன்றா இரண்டா, முடிவில் 'இ.டி'யா 'ஏ.டி'யா? சிலர் முழுப் பெயரையும் எழுதச் சோம்பி, இரண்டே எழுத்தாகச் சுருக்கிப் புள்ளி வைத்துவிடுகிறார்கள். கண்மணி நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்களின் திருப்பெயரைப் பிள்ளைக்குச் சூட்டி, பிறகு அதைப் புள்ளி வைத்துச் சுருக்குவதில் மார்க்கத்தின் மரியாதையும் இல்லை, உலகத்தின் வசதியும் இல்லை. ஃபாத்திமா, ஷேக், ஸித்தீக் எல்லாவற்றுக்கும் இதே கதைதான். தமிழில் ஒன்றாகவே ஒலிப்பது, அதிகாரியின் கணினிக்கு இரண்டு வெவ்வேறு ஆட்கள்.

வீட்டில் பிள்ளை பிறந்தால் ஏழாம் நாள் பெயர் சூட்டி, தலைமுடி களைந்து, அகீகா கொடுக்கிறோம். இருபத்தொரு நாட்களுக்குள் பிறப்பைப் பதிவும் செய்துவிடுகிறோம். அதை மருத்துவமனையே பார்த்துக்கொள்கிறது. ஆனால் அந்தப் பதிவில் பிள்ளையின் பெயர் இருக்கும் இடம் பெரும்பாலும் காலியாக நிற்கிறது. ஓராண்டுக்குள் போனால் கட்டணமின்றிப் பெயரைச் சேர்க்கலாம். பிறகு பதினைந்தாண்டு வரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம். அகீகாவுக்குப் பிரியாணி அண்டா எத்தனை என்று பேசும் கூட்டத்தில், பெயரை ஆங்கிலத்தில் எப்படி எழுதப் போகிறோம் என்று யாரும் ஒரு தாளில் எழுதி வைப்பதில்லை. 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த பிள்ளைகளுக்கு, கடவுச்சீட்டில் பிறந்த தேதிக்கான ஆதாரம் பிறப்புச் சான்றிதழ் ஒன்றுதான். பள்ளிச் சான்றோ வேறெதுவோ செல்லாது. ஆகவே இப்போது கைக்குழந்தை வைத்திருப்பவர்கள் அந்தத் தாளை இன்றே எடுத்து ஒருமுறை வாசித்துப் பார்ப்பது நல்லது. (நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைக்குப் படத்தையும் நாமே கொண்டுபோக வேண்டும், வெள்ளைப் பின்னணியில். குழந்தையைப் பிடித்திருக்கும் கை படத்தில் தெரியக்கூடாது. இந்த ஒன்றுக்காகவே எங்கள் ஊர் ஸ்டுடியோக்காரர் ஒரு வெள்ளைத் துணியைத் தரையில் விரித்து வைத்திருக்கிறார்.)

எங்கள் உம்மும்மாவுக்கு இந்தக் கவலைகள் இருந்ததில்லை. கொழும்பில் கடை வைத்திருந்த கணவரிடம் போகும்போது, பிள்ளைகளின் பெயர்கள் அவர்களுடைய பாஸ்போர்ட்டிலேயே வரிசையாக எழுதப்பட்டிருந்தனவாம். தாயைக் காட்டினால் போதும், பிள்ளைகள் அதிலே அடக்கம். இப்போது உலகெங்கும் ஆளுக்கொரு கடவுச்சீட்டு என்றாகிவிட்டது. தொட்டிலில் கிடக்கும் குழந்தைக்கும் தனி எண் உண்டு. பிள்ளைகளைக் கடத்திச் செல்வோரிடமிருந்து காப்பதற்கு இது நல்லதுதான். ஆயினும் ஒரு விளைவு உண்டு: தாய்க்கும் பிள்ளைக்கும் உள்ள உறவைக் கடவுச்சீட்டின் முன்பக்கம் சொல்வதில்லை.

நம் வழக்கத்தில் இது இன்னும் கூர்மையானது. தாயின் பெயருக்குப் பின்னால் அவளுடைய தகப்பன். பிள்ளையின் பெயருக்குப் பின்னால் அவனுடைய தகப்பன். குடும்பப் பெயரைப் பார்த்து உறவை அறியும் நாட்டு அதிகாரிக்கு, இந்தப் பெண்ணும் இந்தப் பிள்ளையும் ஒருவருக்கொருவர் யாரோ. உறவைச் சொல்வது கடைசிப் பக்கம் மட்டுந்தான். தகப்பன் பெயர், தாய் பெயர், வாழ்க்கைத் துணையின் பெயர், முகவரி என்று அங்கேதான் அச்சாகியிருக்கும். 2018 ஜனவரியில் அந்தப் பக்கத்தை அச்சிடாமல் விட்டுவிடலாம் என்று அரசு முடிவெடுத்து, அதே மாதத்திலேயே அதைக் கைவிட்டது. கைவிட்டது எவ்வளவு நல்லதாயிற்று என்பது, கையில் தூங்கும் பிள்ளையோடு குடிநுழைவு வரிசையில் நின்ற தாய்மாருக்குத் தெரியும்.

ஆகவே தாய் மட்டும் பிள்ளைகளோடு போகும்போது, பிறப்புச் சான்றிதழின் நகலும் திருமணச் சான்றும் கைப்பையில் இருக்கட்டும் என்று சொல்லி வருகிறோம். இன்னொன்றும் சொல்வோம், அதற்குத்தான் எதிர்ப்பு வரும். பிள்ளைகளின் தகப்பனிடமிருந்து ஒரு கடிதம். "என் மனைவி இன்னார், எங்கள் பிள்ளைகள் இன்னின்னாருடன், இன்ன தேதியில் இன்ன நாட்டுக்குச் செல்வது என் முழுச் சம்மதத்துடன்" என்று எழுதி, கையெழுத்தும் தொலைபேசி எண்ணும் கடவுச்சீட்டு நகலும் இணைத்தால் போதும். நோட்டரி முத்திரை இருந்தால் இன்னும் வலு. தகப்பன் தனியே பிள்ளைகளைக் கூட்டிப் போனால், தாயிடமிருந்து இதே கடிதம். நம் நாட்டை விட்டு வெளியேற இப்படியொரு தாள் கட்டாயமில்லை. ஆனால் சென்று சேரும் நாடு கேட்கலாம். கனடா தன் குடிமக்களுக்கே இத்தகைய கடிதத்தைப் பரிந்துரைக்கிறது. தென்னாப்பிரிக்கா 2015 இல், பெற்றோர் இருவரின் விவரமும் அடங்கிய பிறப்புச் சான்றிதழ் இல்லாத பிள்ளைகளை ஏற்க மறுத்து, சில ஆண்டுகள் கழித்தே அதைத் தளர்த்தியது.

"சொந்தப் பெஞ்சாதிக்கு எதுக்குங்க கடிதம்? நம்பிக்கை இல்லையா?" என்று ஒரு சகோதரர் போனில் எங்களிடமே கேட்டார். நம்பிக்கை இல்லாதவர்களுக்கு மட்டும் எழுதச் சொல்லவில்லையே மார்க்கம். திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் எதைப் பற்றியது என்று எங்கள் மாணவிகளிடம் கேட்பதுண்டு. சுவர்க்கம், நரகம், தொழுகை என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். அது கடனை எழுதி வைப்பதைப் பற்றியது. அல்பகரா அத்தியாயத்தின் 282 ஆம் வசனம். சிறியதோ பெரியதோ சலிப்படையாமல் எழுதச் சொல்கிறது. எழுதுபவரும் சாட்சியும் அதனால் துன்பப்படக் கூடாது என்றும் சொல்கிறது. அதைக் கேட்ட சகோதரர் கடிதத்தை எழுதி அனுப்பினார். கையெழுத்து மட்டும் வாசிக்க முடியவில்லை என்பது வேறு விஷயம்.

வளைகுடாவிலேயே பிள்ளை பெற்றவர்களுக்கும் ஒரு சொல். 2004 டிசம்பர் 3 முதல் வெளிநாட்டில் பிறந்த குழந்தை, தாய் தகப்பன் இந்தியர் என்பதால் மட்டும் தானாக இந்தியக் குடிமகன் ஆகிவிடாது. ஓராண்டுக்குள் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் பிறப்பைப் பதிய வேண்டும். தாமதமானால் மத்திய அரசின் அனுமதி தேவைப்படும். அந்நாடுகள் பிறந்ததற்காகக் குடியுரிமை தருவதுமில்லை. நாற்பது நாள் முடியட்டும், பெருநாள் முடியட்டும் என்று தள்ளிப் போடும் காரியம் இதுவல்ல.

இனி, எழுதத் தயங்கிய ஒன்று.

எங்கள் மதரஸாவில் ஓதி முடித்த ஒரு மாணவி. மார்க்க முறைப்படி குலா பெற்றுத் தாய்வீட்டுக்கு வந்துவிட்டாள். ஏழு வயதில் ஒரு மகள். மலேசியாவில் இருக்கும் பெரியப்பா, உம்மாவையும் பிள்ளையையும் சில வாரங்கள் வந்திருக்கும்படி அழைத்தார். வருத்தத்தில் கிடந்த பெண்ணுக்கு அது ஒரு மூச்சு. பிள்ளைக்குக் கடவுச்சீட்டு எடுக்க வேண்டும். இணைப்பு 'டி'யில் தகப்பன் கையெழுத்திட வேண்டும். அவர் மறுத்தார். பிள்ளையின் பாதுகாப்பைக் கருதி மறுத்திருந்தால் அதற்கு மரியாதை உண்டு. அவர் சொன்ன நிபந்தனையோ வேறு: அவள் வீட்டார் கேட்டுக்கொண்டிருந்த நகைகளை விட்டுக்கொடுத்தால் கையெழுத்திடுவாராம். ஜமாஅத்தில் பேசினார்கள். பெரியவர்கள், "தகப்பன்தானே வலீ, அவர் சம்மதமில்லாமல் எப்படி?" என்று இழுத்தார்கள்.

வலீ என்ற பொறுப்பு பிள்ளையின் நலனுக்காகக் கொடுக்கப்பட்டது. சிறு வயதில் பிள்ளையை வைத்து வளர்க்கும் ஹளானத் உரிமையைத் தாய்க்குக் கொடுத்த அதே ஃபிக்ஹு நூல்கள்தாம், பொறுப்பைத் தகப்பனுக்குக் கொடுக்கின்றன. அது அமானிதம், அடகுப் பொருள் அல்ல. இதை எங்கள் உஸ்தாத்மார்கள் சொல்லித் தந்தபடியே ஜமாஅத்துக்கு எழுதிக் கொடுத்தோம். பதில் வரவில்லை.

அரசின் விதியில் வழி இருந்தது. பெற்றோரில் ஒருவரின் சம்மதம் கிடைக்காதபோது, மற்றவர் காரணத்தைச் சொல்லி இணைப்பு 'சி' என்னும் உறுதிமொழியைக் கொடுக்கலாம். நீதிமன்றத் தடை ஏதுமில்லை என்பதையும் அதில் உண்மையாகச் சொல்ல வேண்டும்; பொய் சொன்னால் குற்றம். 2016 டிசம்பரில் விதிகளை எளிதாக்கியதிலிருந்து இந்த உறுதிமொழிகள் வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுத்தாலே செல்லும். நோட்டரியைத் தேடி அலைய வேண்டாம். கைவிடப்பட்ட பெண்கள் எத்தனையோ பேருக்கு இப்படியொரு படிவம் இருப்பதே தெரியாது. கணவனின் கையெழுத்துக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருக்கிறார்கள்.

அவள் எங்கள் திண்ணையில் உட்கார்ந்துதான் விண்ணப்பத்தை நிரப்பினாள். தகப்பன் பெயர் என்ற கட்டம் வந்தது. பேனாவை வைத்துவிட்டாள். "உஸ்தாத்பி, இப்ப ஒருத்தர் பேர் போட்டா போதுமாமே?" என்றாள். உண்மைதான். அதே 2016 விதி, தாய் அல்லது தகப்பன், ஒருவர் பெயர் இருந்தால் போதும் என்கிறது. அவள் கேட்டது சட்டத்தை அல்ல என்பது எங்களுக்குப் புரிந்தது. இரண்டாண்டுக் கசப்பு அந்தக் கட்டத்தின் முன்னால் நின்றது.

உடனே பதில் சொல்லவில்லை. அவளுடைய இடத்தில் இருந்திருந்தால் பேனாவை மீண்டும் எடுத்திருப்போமா என்பதும் நிச்சயமில்லை. நஸபு பிள்ளையுடையது மகளே, நம்முடையதல்ல என்று மெதுவாகச் சொன்னோம். அவர் கையெழுத்து இல்லாமல் பிள்ளை போகலாம். அவர் பெயரை நாம் எடுத்துவிட்டால், நாளை அவள் கேட்கும்போது என்ன சொல்வோம்? அவள் நெடுநேரம் தெருவைப் பார்த்துக் கொண்டிருந்தாள். பிறகு எழுதினாள். எழுத்துக்கூட்டி, பிறப்புச் சான்றிதழைப் பக்கத்தில் வைத்து, ஓர் எழுத்தும் மாறாமல்.

ஒரு மாதம் கழித்து மகளையும் அழைத்துக்கொண்டு வந்தாள். அட்டையின் மெருகு போகாத புதிய கடவுச்சீட்டு. பிள்ளை அதை யார் கையிலும் கொடுக்கவில்லை. மஸ்ஹஃபைத் திறப்பதுபோல் இரு கையாலும் திறந்து, தன் படத்தைக் காட்டிச் சிரித்தாள். பக்கங்களைப் புரட்டிக் கடைசிப் பக்கத்துக்கு வந்தாள். இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். ஆங்கிலம் இப்போதுதான் கூட்டி வாசிக்க வருகிறது. விரலை வைத்து முதல் வரியை வாசித்தாள். அடுத்த வரியையும் வாசித்தாள்.

"வாப்பா பேரு, அதுக்குக் கீழே உம்மா பேரு" என்றாள். "ரெண்டு பேரும் இதுல இருக்காங்க."